மானியப் படிவத்தில் இரண்டு கையெழுத்து

பிப்ரவரி 3

நம் மகளின் அம்மாவுக்கு,

இங்கே நானும் உருளைக்கிழங்கும் பரவாயில்லை. நீ எப்படி இருக்கிறாய்?

கரையோர விவசாயிகளுக்கான அரசு மானியப் படிவம் வந்துவிட்டது. நிலம் நம் இருவர் பெயரிலும் இருப்பதால் வழக்கம்போல உன் கையெழுத்தும் வேண்டும். அடியில் இரண்டு இடம். போன வருடம் கோபத்தில் அழுத்திப் போட்டுத் தாள் கிழிந்தது, நினைவிருக்கட்டும்.

அப்போது வந்த மானியத்தில்தான் கடல் பக்கத்துக் கரையை உயர்த்தினேன். இல்லையென்றால் உப்புத் தண்ணீர் இந்த வருடம் கிணறு வரை வந்திருக்கும். நீ கையெழுத்துப் போட்ட புண்ணியம்.

இப்படிக்கு,
வயல்காரன்

பிப்ரவரி 11

வயல்காரருக்கு,

நலம்தான். ஆஸ்பத்திரித் துணிப் பிரிவில் நாளெல்லாம் படுக்கை விரிப்புகளுக்கு ஓரம் தைக்கிறேன். நான் கிளம்பி வந்து மூன்று வருடம். வருடத்துக்கு ஒரு கடிதம் போடுகிறீர்கள்; அதிலும் முக்கால்வாசி உருளைக்கிழங்கு.

கையெழுத்துப் போட்டிருக்கிறேன். ஆனால் நாலு ஏக்கரும் பயிர் என்று எழுதியிருக்கிறீர்களே? கடலோரத்து முக்கால் ஏக்கரில் எதுவும் முளைக்கவில்லை என்று மகள் சொன்னாள். அதை அடித்துவிட்டு மூன்றேகால் என்று திருத்தியிருக்கிறேன். பக்கத்தில் நீங்களும் ஒப்பமிட்டு அனுப்புங்கள். கோபம் வந்தால் கத்திக்கொள்ளுங்கள், இங்கே வரை கேட்காது.

மகளின் அம்மா

மே 20

அன்புள்ளவளுக்கு,

கோபம் வந்தது. இரண்டு நாள் படிவத்தை அலமாரியில் போட்டு வைத்தேன். பிறகு ஒப்பமிட்டு அனுப்பினேன்.

போன வாரம் சொல்லாமல் கொள்ளாமல் அதிகாரி டேப்போடு வந்து, வரப்பு வரப்பாக அளந்தார். "மூணேகால் சரியா இருக்கே. யார் திருத்துனது?" என்றார்.

"என் வீட்டுக்காரம்மா."

"உங்களக் காப்பாத்திட்டாங்க. கூட எழுதின ரெண்டு பேருக்கு மானியமே கிடையாதுன்னு ஆயிடுச்சு."

மானியம் வந்துவிட்டது. அடுத்த விதைக்குக் கவலையில்லை. உனக்கு எப்படி நன்றி சொல்ல?

அந்தக் கடலோரத் துண்டில் விதைக்க வேண்டாம் என்று நீ அன்றே சொன்னாய். வேலையாட்கள் முன்னால், "உனக்கு என்ன தெரியும்?" என்று கத்தினேன். அன்று சாயங்காலம்தான் நீ பெட்டியை எடுத்தாய். தப்பு என்னுடையது. இதை எழுத எனக்கு மூன்று வருடம் ஆகியிருக்கிறது.

இன்னொன்று. அடுத்த வருடத்திலிருந்து ஒருவர் கையெழுத்தே போதுமாம். உனக்கு இனித் தொந்தரவு இல்லை. மற்றவர்களுக்கெல்லாம் சந்தோஷம். எனக்குத்தான் என்னவோ போலிருந்தது.

உன்னுடைய,
வயல்காரன்

ஜூன் 2

அன்புள்ளவருக்கு,

உங்கள் கடிதத்தைச் சாப்பாட்டு இடைவேளையில் படித்தேன். பக்கத்து மெஷின்காரி என் முகத்தைப் பார்த்து, "யாருக்காவது உடம்பு சரியில்லையா?" என்றாள்.

"இல்ல, எங்க வீட்டுக்காரர் தப்புன்னு ஒத்துக்கிட்டார்."

"அப்ப நிச்சயம் உடம்பு சரியில்லதான்!"

சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அப்புறம் அது சிரிப்பால் வந்த தண்ணீராகவும் இல்லை. நன்றி. அந்த ஒரு வரிக்காகக் காத்திருந்தேன் என்பது படித்த பிறகுதான் எனக்கே தெரிந்தது.

ஆனால் திரும்பி வந்துவிடுவேன் என்று நினைத்துவிடாதீர்கள். இந்த மாதம் வேலை நிரந்தரமாகிவிட்டது. எனக்கு இது பிடித்திருக்கிறது. இங்கே நான் சொன்னால் நாலு பேர் கேட்கிறார்கள்.

ஞாயிற்றுக்கிழமை எனக்கு விடுமுறை. உங்கள் பக்கத்திலிருந்து வரும் பத்து மணி பஸ் ஆஸ்பத்திரி வாசலிலேயே நிற்கும். மூட்டை எதையும் தூக்கிக்கொண்டு வராதீர்கள். சும்மா வாருங்கள். நான் வாசலில் நிற்கிறேன்.

அன்புடன்,
நான்