கூட நிற்கும் ஆள்

பாலக்காடு,
வியாழக்கிழமை.

பழனாத்தாளுக்கு நல்லமுத்து எழுதுவது. திருப்பூரில் நீயும் மகனும் மருமகளும் சுகம் என்று நம்புகிறேன். நான் இங்கே ஜில்லா ஆஸ்பத்திரியில் இருக்கிறேன். பயப்படாதே. அருள்குமாருக்கு இரண்டு தடவை போன் போட்டேன். அம்மா தூங்குது என்று வைத்துவிட்டான். அதனால்தான் கடிதம்.

போன மாதக் கடைசியில் எனக்கு ஹெர்னியா ஆபரேஷன் நடந்தது. உனக்குச் சொல்லவில்லை. மூன்றாம் நாள் ஊட்டுக்கு அனுப்பினார்கள். கனம் தூக்கக்கூடாது, ஈரம் படக்கூடாது, யாராவது தினமும் புண்ணைப் பார்க்கணும், சிவந்தால் உடனே வரணும் என்று நர்ஸ் பொண்ணு சொல்லி அனுப்பியது. நான் யாரிடம் காட்ட? இரண்டு மாட்டையும் கறந்து கேனையும் நானே தூக்கினேன். எட்டாம் நாள் குளிர்காய்ச்சல் வந்தது. கட்டு நனைந்து நாற்றம் அடித்தது. பால் சொசைட்டி சிஜுதான் ஆட்டோவில் ஏற்றிக் கொண்டுவந்தான். மாடுகள் அவன் ஊட்டில் நிற்கின்றன.

கிருமி ஏறிவிட்டது என்று தையலைப் பிரித்துச் சீழை எடுத்தார்கள். தினமும் ஊசி போடுகிறார்கள். காய்ச்சல் விட்டுவிட்டது.

இன்சூரன்ஸ் கார்டில் உன் பெயர்தான் முதலில் இருக்கிறது. பழனாத்தாள் யார் என்று கவுண்டரில் கேட்டார்கள். ஊட்டுக்காரி என்றேன். மறுபடி சேர்ந்ததற்கும் கார்டு செல்லுமாம். படுக்கை, மருந்து, சாப்பாடு எல்லாம் அதில் வருமாம். கூட நிற்பது யார் என்று கேட்டார்கள். நீ கேண்டீனுக்குப் போயிருப்பதாகச் சொல்லிவிட்டேன். ஆறு நாளாயிற்று. இப்போது யாரும் கேட்பதில்லை.

எதிர்க்கட்டில்காரருக்கு அவர் சம்சாரம் கஞ்சி ஊட்டும். அந்நேரம் நான் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வேன்.

உனக்குக் கர்ப்பப்பை எடுத்த அன்று நான் வேலந்தாவளம் சந்தையில் மாடு பார்த்துக்கொண்டிருந்தேன். நீயே கையெழுத்துப் போட்டுவிட்டு உள்ளே போனாயாம். மயக்கம் தெளிந்து கண் திறந்தபோது யார் முகத்தைப் பார்த்தாய் என்று எனக்குத் தெரியாது. ஊட்டை விட்டு நீ போனபோதும் ஏன் என்று நான் கேட்கவில்லை.

வருகிற புதன்கிழமை காலை ஏழு மணிக்கு மறுபடி தையல் போடுகிறார்கள். கூட ஆள் கட்டாயம் வேண்டுமாம். சிஜு வருகிறேன் என்றிருக்கிறான். உன்னை வா என்று சொல்ல எனக்கு வாயில்லை. ஆண்கள் வார்டு, இரண்டாம் மாடி, ஜன்னலோரக் கட்டில்.

மழை பிடித்தால் உன் அடிவயிற்றுத் தழும்பு இன்னும் இழுக்கிறதா? ஒருநாளும் நான் கேட்டதில்லை. அதற்கு மட்டுமாவது இரண்டு வரி எழுது. உடம்பைப் பார்த்துக்கொள். தனியாகக் கனம் எதுவும் தூக்காதே.

இப்படிக்கு,
நல்லமுத்து