மரத்துக்கென்று வெட்டிய குழி

நாவா, அஸ்தூரியாஸ், ஸ்பெயின்
1945 மார்ச் 11

அன்புள்ள பல்பினா அண்ணிக்கு,

எத்தெல்வினா எழுதுவது. நீங்களும் அண்ணனும் பிள்ளைகளும் புவெனோஸ் அயர்ஸில் நலமாக இருக்க ஆண்டவர் துணை நிற்கட்டும். இந்தக் கடிதம் தபாலில் வரவில்லை. மருத்துவச்சியின் மகள் ஓல்விடோ கல்யாணத்துக்காக அங்கே கப்பலேறுகிறாள். அவளுடைய குளிர்கோட்டின் உள்துணிக்குள் வைத்துத் தைத்து அனுப்புகிறேன். இதில் என்ன எழுதியிருக்கிறது என்று அவளுக்குத் தெரியாது. தபாலில் வருவதைப் பிரித்துப் படிக்கிறார்கள் என்பது உங்களுக்கே தெரியும். படித்து முடித்ததும் அடுப்பில் போட்டுவிடுங்கள்.

செவலைப் பசு கன்று போட்டிருக்கிறது, கிடேரி. பிப்ரவரியில் அடித்த பனியில் கீழ்த்தோட்டத்தில் இரண்டு மரம் பட்டுப்போயின. மற்றவை நன்றாக மொட்டு கட்டியிருக்கின்றன. ஒரு வருடம் விட்டு ஒரு வருடம்தானே நம் ஆப்பிள் காய்க்கும்? இது காய்க்கிற வருடம். இலையுதிர்காலத்தில் பீப்பாய்கள் நிரம்பிவிடும் என்று ஊரே சந்தோஷமாகப் பேசிக்கொள்கிறது. எனக்கு மட்டும் அந்தச் சந்தோஷம் இல்லை. ஏன் என்று சொல்லத்தான் இந்தக் கடிதம்.

ஒவ்வொரு கடிதத்திலும் உங்கள் தம்பியான என் வீட்டுக்காரரைப் பற்றி ஏதாவது சேதி உண்டா என்று கேட்கிறீர்கள். உள்நாட்டுப் போரில் நம் பக்கம் தோற்ற அந்த 1937 அக்டோபரில் மலைப்பக்கம் போனவர்தான், பிரான்சுக்குத் தப்பியிருப்பார் என்று நானும் எழுதிக்கொண்டே இருந்தேன். அது பொய், அண்ணி. அவர் எங்கேயும் போகவில்லை. ஆறு வருடம் நம் வீட்டிலேயே, ஆப்பிள் பிழியும் கொட்டகையில்தான் ஒளிந்திருந்தார். பகலெல்லாம் மேலே வைக்கோல் பரணில். யாராவது திடீரென்று வந்துவிட்டால் இறங்கி ஒளிய, பிழியும் மரச்செக்குக்குப் பக்கத்தில் பலகைத் தரைக்கு அடியில் ஒரு பள்ளம் தோண்டியிருந்தார். ஆள் குந்தி உட்காரலாம், நிமிர முடியாது.

கை சும்மா இருக்காதே அவருக்கு. குளிர்காலத்தில் கன்றுகளையும் நல்ல மரத்துக் குச்சிகளையும் கூடையில் மறைத்துக் கொண்டுபோய்க் கொடுப்பேன். பரணில் உட்கார்ந்தபடியே ஒட்டுக் கட்டுவார். புளிப்புக்கு ரெகோனா, கசப்புக்கு துரோனா, இனிப்புக்கு வேறு என்று எந்தெந்த மரத்துப் பழத்தை எவ்வளவு கலக்க வேண்டும் என்பதை அங்கிருந்தே சொல்வார். அதன்படி பிழிந்து புளிக்கவைத்துத்தான் நம் வீட்டு சைடர் ஊரில் பேர் வாங்கியது. பக்கத்துத் தோட்டத்து செலெஸ்தோ ஒருநாள் வேலியோரம் நின்று, "ஆம்பள இல்லாத வீட்டுல ஒட்டு ஒண்ணுகூட தவறாம புடிக்குதே, எத்தெல்வினா? என் வீட்டுல நாலு தடிப்பசங்க இருந்தும் பாதி காஞ்சிபோச்சு" என்றார். "உங்க பசங்க கத்திய புடிச்சா கன்னு பயந்தே செத்துடும்" என்று சொல்லிச் சமாளித்தேன்.

இருமல்தான் பெரிய தொல்லை. வைக்கோல் தூசி அவருக்கு ஒத்துக்கொள்ளவில்லை. பால்காரி ரோசெந்தா ஒருநாள் கேட்டுவிட்டாள். எனக்கு வேறு வழி தோன்றவில்லை. மாமனாரின் ஆவி கொட்டகையில் உலாவுகிறது, சாகும்போது பிழியாமல் கிடந்த பழத்தை நினைத்து ஏங்கிச் செத்தவர் என்று சொல்லிவிட்டேன். உங்கள் அப்பாவின் பேரைக் கெடுத்ததற்கு மன்னித்துவிடுங்கள். ஒரே வாரத்தில் ஊர் முழுக்கப் பரவியது. அதற்குப் பிறகு ஒருத்தரும் அந்தப் பக்கம் தலைகாட்டவில்லை.

1943 நவம்பரில் அது நடந்தது. அதுவும் காய்க்கிற வருடம். ஏழு பீப்பாயும் நிரம்பி உள்ளே சாறு புளித்துப் பொங்கிக்கொண்டிருந்தது. புதுச்சாறு பொங்கும்போது வரும் கெட்ட காற்று கனமானது, தரையோடு தவழ்ந்து பள்ளத்தில் இறங்கித் தேங்கி ஆளை மூச்சடைத்துக் கொன்றுவிடும் என்று இந்த ஊர்க் குழந்தைக்கும் தெரியும். மெழுகுவர்த்தியைத் தாழப் பிடித்து அணைகிறதா என்று பார்க்காமல் யாரும் நிலவறையில் கால்வைக்க மாட்டார்கள். அந்த மாதம் மட்டும் பள்ளத்தில் இறங்குவதே இல்லை என்பது எங்களுக்குள் கட்டுப்பாடு.

அன்று மத்தியானம் சக்கையைப் புரட்ட எனக்கு உதவி செய்யப் பரணிலிருந்து இறங்கியிருந்தார். வெளியே நல்ல மழை. திடீரென்று முற்றத்தில் காவலர்களின் பேச்சுக் குரல். தேடி வந்தவர்கள் அல்ல, மழைக்கு ஒதுங்க வந்தவர்கள். ஏணி வாசலுக்கு நேரே இருந்தது. ஏறினால் தெரிந்துவிடும். என் முகத்தை ஒரு தடவை பார்த்தார். பலகையைத் தூக்கி உள்ளே இறங்கிவிட்டார். நான் பலகை மேல் சக்கைக் கூடையை இழுத்து வைத்தேன்.

மூன்று பேர் வந்தார்கள். தலைமைக் காவலர் பெரிய தொப்பைக்காரர், நல்ல சுபாவம்தான். "ஆவி இருக்கிற கொட்டகைன்னு சொன்னாங்களே, அதையும் பாத்துடலாம்" என்று சிரித்துக்கொண்டே உட்கார்ந்தார். பழைய பாட்டில் ஒன்றைத் திறந்தேன். வேறென்ன செய்ய? கையைத் தலைக்கு மேல் உயர்த்தி, தாழப் பிடித்த கிளாஸில் ஊற்றினேன். குடித்துவிட்டு, நம் வழக்கப்படி அடியில் மிஞ்சியதைத் தரையில் வீசினார்கள். அது பலகை இடுக்கில் இறங்குவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பாட்டில் தீர்ந்தது. மழை தீரவில்லை. இன்னொன்றைத் திறக்கச் சொன்னார்கள்.

ஒரு மணி நேரம் ஆகியிருக்கும். கீழிருந்து தட்டும் சத்தம் கேட்டது. இரண்டு தடவை. மெதுவாக.

"என்னம்மா அது? உள்ள யாரு?" என்று தலைமைக் காவலர் கேட்டார்.

அண்ணி, நான் சிரித்தேன். சத்தம் போட்டுச் சிரித்தேன். "எங்க மாமனாருதான்! இந்த வருசத்து சரக்கு நல்லா வரலன்னு பீப்பாய்க்குள்ள இருந்து தட்டுறாரு" என்றேன். அவர்கள் தொடையைத் தட்டிச் சிரித்தார்கள். சின்னவன் ஒருவன் கிளாஸை உயர்த்தி, "பெரியவரே, உங்க நலத்துக்கு!" என்று குடித்தான். பிறகு தட்டல் கேட்கவில்லை. அவர்கள் இன்னும் ஒரு மணி நேரம் இருந்தார்கள்.

போன பிறகு கூடையைத் தள்ளிப் பலகையைத் தூக்கி மெழுகுவர்த்தியை இறக்கினேன். பள்ளத்தின் விளிம்பிலேயே அணைந்துவிட்டது.

நான் கத்தியிருந்தால் அவரைப் பிடித்துக்கொண்டு போயிருப்பார்கள். சுட்டிருக்கலாம். சுடாமல் சிறையில் போட்டிருக்கலாம். அப்படிப் போனவர்களில் இரண்டு பேர் போன வருடம் எலும்பும் தோலுமாக வீடு திரும்பினார்கள். அவர் தட்டியது என்னை வெளியே எடு என்றா, இல்லை கை தவறிப் பட்டதா? இந்தப் பதினாறு மாதமாக எனக்கு அது தெரியவில்லை. தெரிந்துகொள்ள வழியும் இல்லை.

கதவைத் திறந்துபோட்டு, காற்று கலைந்த பிறகு அவரை வெளியே இழுத்தேன்; பரணுக்கு ஏற்ற எனக்குப் பலம் இல்லை. செக்கின் அடியில் சாக்குப் போட்டு மூடினேன். மறுநாள் பட்டப்பகலில் மேல்தோட்டத்தில் குழி வெட்ட ஆரம்பித்தேன். நவம்பர் மரம் நடுகிற மாதம்தானே, யாருக்கும் சந்தேகம் வராது. இடுப்பளவு போனதும் கல் தட்டியது. அழக்கூட முடியாமல் நின்றபோது செலெஸ்தோ கடப்பாரையோடு வந்துவிட்டார். "மரம் நடப்போறியா, கழுதைய பொதைக்கப் போறியா? இவ்ளோ ஆழம் எதுக்கு?" என்றார். வேர் நன்றாக இறங்கட்டும் என்றேன். கல்லைப் பெயர்த்துக் கொடுத்தார். அவரே குழியில் இறங்கி வெட்டினார். நான் நிறுத்தச் சொல்லவில்லை. அவர் தலை தரைக்குக் கீழே போகும் வரை வெட்டினார்.

மேலே ஏறி வந்ததும் மண்ணைத் தட்டிக்கொண்டார். பிறகு தலையிலிருந்த தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்துக்கொண்டு, காலியாக இருந்த அந்தக் குழியைப் பார்த்துக் கொஞ்ச நேரம் நின்றார். உதடு அசைந்தது. "நாளைக்குப் புனித அந்திரேயா திருநாள். ஊரே கோயில்ல இருக்கும். என் நாயையும் கட்டிப் போட்டுடறேன்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். எப்போதிலிருந்து அவருக்குத் தெரியும் என்று நான் கேட்கவில்லை. இன்றுவரை அவரும் அதைப் பேசவில்லை.

மறுநாள் கோயில் மணி அடிக்கும்போது உங்கள் தம்பியைக் கைவண்டியில் கிடத்தி, மேலே ஆப்பிள் சக்கையைக் கொட்டி மூடித் தள்ளிக்கொண்டு போனேன். மரத்துக்கு உரமாகச் சக்கை போடுவது வழக்கம்தானே. எனக்குத் தெரிந்த செபம் எல்லாம் சொன்னேன். அவரே ஒட்டுக் கட்டிய ரெகோனாக் கன்று ஒன்றை மேலே நட்டேன். இந்த வசந்தத்தில் அது என் தோள் உயரம் வளர்ந்திருக்கிறது. இன்னும் மூன்று நாலு வருடத்தில் காய்க்கும். காய்த்தால் அந்தப் பழத்தை என்ன செய்வேன், அண்ணி? பிழியவும் முடியாது, அழுகவிடவும் முடியாது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். போன வாரம் ரோசெந்தா பால் வாங்கிப்போக வந்தபோது, "உங்க மாமனாரு நேத்தும் இருமுனாரு, கேட்டீங்களா?" என்றாள். முன்பெல்லாம் அவர் இருமும்போது யாரும் இல்லை என்று ஊரை நம்பவைத்தேன். இப்போது யாருமே இல்லாத கொட்டகையில் ஊருக்கு இருமல் கேட்கிறது. எனக்குக் கேட்பதில்லை. காது கொடுத்து உட்கார்ந்திருக்கிறேன், அப்போதும் கேட்பதில்லை. எனக்கு அந்த இரண்டு தட்டல் மட்டும்தான்.

இங்கே அவருக்காக மணி அடிக்கவில்லை. அவர் பேரில் பூசையும் இல்லை. ஊர்க்கணக்கில் அவர் இன்னும் தேடப்படுகிற ஆள். நான் கறுப்பு உடுத்தினால் யாருக்கு என்று கேட்பார்கள்; அதனால் பழுப்பே உடுத்துகிறேன். உங்கள் ஊரில் பயம் இல்லை. ஒரு நல்ல கோயிலாகப் பார்த்து, உங்கள் தம்பிக்கு இறந்தோர் பூசை ஒன்று வையுங்கள். பீடத்தில் நின்று அவர் பேரைச் சத்தமாகப் படிக்கச் சொல்லுங்கள். பெலார்மினோ காசோ வேகா. முழுப்பேரும். மெல்ல முணுமுணுத்துவிடப் போகிறார் சாமியார், பின்வரிசை வரைக்கும் கேட்க வேண்டும் என்று சொல்லுங்கள். நீங்களும் பிள்ளைகளும் கறுப்பு உடுத்திப் போங்கள். எனக்கும் சேர்த்து அழுங்கள்.

அது முடிந்த பிறகு, என்னை மன்னிக்க உங்களால் முடிந்தால், தபாலில் ஒரே ஒரு வரி எழுதுங்கள். "மரம் பிழைத்ததா?" என்று கேட்டால் போதும். முடியாவிட்டால் எழுத வேண்டாம், அதுவும் நியாயம்தான். எழுதினாலும் எழுதாவிட்டாலும் உங்களையும் உங்கள் பிள்ளைகளையும் ஆண்டவர் ஒரு குறையும் இல்லாமல் காக்கட்டும்.

என்றும் உங்கள் தம்பியின் மனைவி,
எத்தெல்வினா