அப்பாவுக்குப் பழைய பைத்தான்

பிப்ரவரி 4, செவ்வாய்

ஆபீசில் புது வேலை. அதற்கு பைத்தான் நிரல்மொழியின் புதுப் பதிப்பு வேண்டுமாம். காப்பி ஆறுவதற்குள் என் லேப்டாப்பில் போட்டு முடித்தேன்.

பிப்ரவரி 5, புதன்

அப்பாவின் குரல் போய்விட்டது. இரண்டாம் முறை.

புற்றுநோய்க்காகக் குரல்வளையை எடுக்கும் முன்பே அவர் பேச்சைப் பதிவு செய்துவைத்தேன். தட்டச்சு செய்தால் அவர் குரலிலேயே பேசும் நிரல் ஒன்றை இதே லேப்டாப்பில் எழுதினேன். அது பழைய பைத்தானில்தான் ஓடும். நேற்று அதன் தலைமேலேயே புதியதைப் போட்டிருக்கிறேன்.

காலையில் மீன்கூடையோடு பச்சையம்மா. "சங்கரா கீது, வவ்வா கீது, இன்னா வோணும் வாத்தியாரே?" அப்பா தட்டினார். சிவப்பில் பிழைச்செய்திதான் வந்தது. அவர் என்னைப் பார்த்தார், நான் திரையைப் பார்த்தேன்.

வருத்தமாக இருக்க வேண்டும். இல்லை. ஆபரேஷன் அன்றிலிருந்தே மரத்துப்போய்தான் கிடக்கிறேன்.

பிப்ரவரி 7, வெள்ளி

பழையதைத் திரும்பப் போட்டேன். இரண்டின் கோப்புகளும் கலந்துபோய், அப்பாவின் நிரல் பாதியில் நிற்கிறது. ஆபீஸ் வேலையும் படுத்துவிட்டது. கெட்டிக்காரி நான்.

பிப்ரவரி 8, சனி

சர்ச்சில் அடுத்த ஞாயிறு பூசையில் பைபிளிலிருந்து முதல் வாசகம் அப்பா வாசிப்பதாக இருக்கிறது. ஆபரேஷனுக்குப் பிறகு முதல் தடவை. "வேறு ஆள் பார்க்கச் சொல்லிடவா?" என்று துண்டுத்தாளில் எழுதி நீட்டினார். வேண்டாம் என்றேன். எந்த தைரியத்தில்?

பிப்ரவரி 10, திங்கள்

தேனாம்பேட்டை ஆபீசில் பக்கத்து சீட் குருபிரசாத் என் திரையைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டான். "என்ன ஷெரில், எல்லாத்தையும் ஒரே குண்டான்ல கொட்டி வெச்சிருக்க? வேலைக்கு ஒரு என்விரான்மென்ட் தனியா போடு. அதுக்கு அதோட பைத்தான், இதுக்கு இதோட பைத்தான். ஒண்ணை ஒண்ணு தொடாது."

எனக்குத் தெரியாதா? தெரியும். சோம்பல் — அதுக்கு அப்பா வாய மூடிட்டு உக்காந்திருக்கார். என்னடி பண்ணி வெச்சிருக்க நீ?

பிப்ரவரி 12, புதன்

எல்லாவற்றையும் துடைத்துவிட்டு, குருபிரசாத் சொன்னபடி இரண்டு தனித்தனிச் சூழல்கள் போட்டேன். ஒன்றின் பெயர் ஆபீஸ், மற்றது அப்பா. இரண்டும் ஓடுகின்றன.

அவர் முதலில் தட்டியது: "பச்சையம்மாகிட்ட வவ்வால் சொல்லு." அவ்வளவுதான். திட்டியிருக்கலாம்.

பிப்ரவரி 16, ஞாயிறு

லேப்டாப்பை நான்தான் கோவிலுக்குத் தூக்கிப் போனேன். அப்பா வெள்ளைச் சட்டையில் மைக் முன் நின்று பொத்தானை அழுத்தினார். கடைசி பெஞ்சு வரை அவர் குரல். "ஆண்டவர் வழங்கும் அருள்வாக்கு" என்று முடித்தது.

"இறைவா உமக்கு நன்றி" என்றார்கள் எல்லோரும். நானும் வாயைத் திறந்தேன், குரல் வரவில்லை. அப்பா இறங்கி வந்து கைக்குட்டையை நீட்டிய பிறகுதான், நான் அழுதுகொண்டிருப்பது எனக்கே தெரிந்தது.