இரண்டாவது கூப்பாடு

மதினி,

இன்றைக்குக் காலையில் ஏலக்காட்டில் பனி இறங்கி, பக்கத்துச் செடிகூடத் தெரியவில்லை. குனிந்து காய் எடுத்துக்கொண்டிருந்தேன். மேட்டுப் பக்கமிருந்து "ஏய்ய்ய்" என்று ஒரு குரல். உங்கள் குரல். கை நின்றுவிட்டது.

பனிக்குள் ஒரு தடவை கூப்பிட்டால் பதில் சொல்லக்கூடாது. இரண்டாவது தடவையும் கூப்பிட்டால்தான் அது மனுசி. நம் காட்டுப் பெண்களின் வழக்கம். "மொதக் கூப்பாட்டுக்கே ஓடுனா பேய்தான்டி ஒனக்குத் தாலி கட்டும்" என்பீர்கள். "எங்கண்ணே எத்தனாவது கூப்பாட்டுக்குக் கட்டுச்சு மதினி?" என்று கேட்டு, பச்சைக்காயால் எறி வாங்கியிருக்கிறேன்.

தேனியில் ஸ்கேன் எடுத்த அன்றைக்கும் உங்கள் வாய் அடங்கவில்லை. பிறவியிலேயே உங்களுக்கு ஒரே கிட்னி. அந்த ஒன்றும் பழுதாகிக்கொண்டிருந்தது. டாக்டரம்மா படம் போட்டுக் காட்டினார். வயிற்றுக்குள் பிள்ளை உருவாகும்போது ஒரு குழாயில் குருத்து விடுமாம். பக்கத்தில் இருக்கும் மூல செல்கள் ஏதோ ரசாயனத்தை விட்டு அதைக் கூப்பிடுமாம். குருத்து அவற்றுக்குள் நுழைந்து, கிளை பிரிந்து, திருப்பிப் பேசுமாம்: கொஞ்சம் பேர் வடிகட்டியாக மாறுங்கள், மற்றவர்கள் அப்படியே காத்திருங்கள் என்று. இப்படி மாறி மாறிப் பேசினால்தான் கிட்னி வளரும். உங்களுக்கு ஒரு பக்கம் அந்தப் பேச்சு நடக்காமல் போயிருக்கலாம் என்றார்.

"அந்தக் குருத்தும் நம்மூர்க்காரிதான் போல. ரெண்டாவது கூப்பாடு வரட்டும்னு பேசாம இருந்துட்டா" என்றீர்கள். டாக்டரம்மாவே சிரித்துவிட்டார்.

பிறகு சிரிக்காமல் கேட்டீர்கள்: "ஏலத்துல பழைய தட்ட பட்டுப்போனா, தூர்லருந்து புதுத் தண்டு வெடிக்கும். இதுல வெடிக்காதா டாக்டர்?"

"இல்லம்மா. அந்த செல்லெல்லாம் நீங்க பொறக்கும்போதே தீர்ந்துபோச்சு."

போடிக்குத் திரும்பும் பஸ்சில் நானும் என்னென்னவோ கேலி பேசிப் பார்த்தேன். நீங்கள் ஜன்னலைப் பார்த்தபடி ஒன்றே ஒன்று சொன்னீர்கள்: "கூப்பிட்டிருக்காடி. இந்தக் குருத்துதான் ஏன்னு கேக்கல."

ரத்தம் சுத்தம் பண்ணும் மெஷின் உங்களை ஒரு வருசம்கூட இழுத்துப் பிடிக்கவில்லை.

இன்றைக்கு அந்தக் குரல் எனக்கு மட்டுமா கேட்டது, மதினி? வரிசையில் எல்லாருடைய கையும் நின்றது. யாரும் வாய் திறக்கவில்லை. நானும் இரண்டாவது கூப்பாட்டுக்குக் காத்திருந்தேன். வரவில்லை.

"இந்தா இருக்கேன் மதினீ!" என்று கத்திவிட்டேன்.

"கிறுக்கச்சி, மொதக் கூப்பாட்டுக்கே ஏன்டி வாயக் குடுத்த?" என்று பக்கத்தில் நின்றவள் என் முந்தானையைப் பிடித்து இழுத்தாள். பேய் தாலி கட்டினால் கட்டிவிட்டுப் போகட்டும். பதில் சொல்லாமல் இருந்தால் என்ன ஆகும் என்று டாக்டரம்மா சொன்னதை, உங்கள் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டவள் நான்.