உள்விளக்கும் ஏழாம் கேள்வியும்

மதுரை,
ஞாயிறு மாலை.

அன்பு மகள் அஸ்வினிக்கு, அப்பா சொல்லச் சொல்ல உன் தங்கை ரோகிணி எழுதுவது. இந்தக் கடிதத்தில் நடந்ததை நடந்தபடியே எழுதுவேன், அப்பா சொல்வதையும் எழுதுவேன், நான் பார்த்ததையும் எழுதுவேன், எதையும் கூட்டவும் மாட்டேன், குறைக்கவும் மாட்டேன். இதை முதலிலேயே அப்பாவிடம் சொல்லிவிட்டேன், அவரும் தலையாட்டிவிட்டார். இங்கே மூன்று பேரும் சுகமாக இருக்கிறோம், அம்மாவுக்குக் காலையில் எழுந்ததும் குதிகால் வலி மட்டும் கொஞ்சம் இருக்கிறது. அந்த வெளிநாட்டுக் குளிரிலும் ஆஸ்பத்திரி இரவு டூட்டியிலும் உன் உடம்பு எப்படி இருக்கிறது, டூட்டி முடிந்து வந்ததும் சாப்பிடாமல் படுத்துவிடுகிறாயா என்பதுதான் அப்பாவின் முதல் கேள்வி. போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று நினைப்பாய். அப்பா மூன்று தடவை உனக்கு வாய்ஸ் மெசேஜ் பேசி மூன்றையும் அழித்துவிட்டார். போன்ல சொன்னா அவ நடுவுல கேள்வி கேப்பா, நான் பாதியில நிப்பாட்டிருவேன், நீ எழுது பாப்பா என்றார். அதனால் காரின் பின் சீட்டில் உட்கார்ந்து, பரீட்சை அட்டையை மடியில் வைத்து எழுதிக்கொண்டிருக்கிறேன். அப்பா முன்னால் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி கண்ணாடி வழியாகத் தெருவைப் பார்த்துக்கொண்டு பேசுகிறார். இத்தனை வருடமும் டிரைவராகப் பின்னால் இருப்பவரிடம் திரும்பாமலே பேசிப் பழகியவர், முகத்துக்கு நேரே உட்கார்ந்தால் அவருக்குப் பேச்சு வராது என்பதை இன்றுதான் கண்டுபிடித்தேன். மணி ஆறே முக்கால், காருக்குள் கூரையில் இருக்கும் மேல் விளக்கு எரிகிறது, எழுத்து நன்றாகத் தெரிகிறது.

டாக்டர் தங்கம் அம்மா இந்த டிசம்பரோடு கே.கே. நகர் கிளினிக்கை மூடிவிட்டுப் பெங்களூரில் மகன் ஆலன் அண்ணன் வீட்டுக்குப் போகிறார்கள், இருபத்திரண்டு வருடம் வண்டி ஓட்டிய அப்பாவுக்கே இந்த ஜெர்மன் காரைப் பாதி விலைக்குக் கொடுத்துவிட்டார்கள், அப்பா இனி இதைக் கல்யாணங்களுக்கு வாடகைக்கு விடப் போகிறார் என்பதெல்லாம் உனக்குத் தெரியும். ஒன்பது வருடத்து வண்டி, ஒரு தடவை கியர்பாக்ஸ் போனால் அப்பாவின் ஒரு வருடச் சம்பளம் போய்விடும், அதனால் இரண்டு வருட எக்ஸ்டெண்டட் வாரண்டி எடுத்தே ஆக வேண்டும் என்று சொல்லி நீ பணமும் அனுப்பினாய். இருபது நாளாகியும் அப்பா எடுக்கவில்லை. நீ கஞ்சத்தனம் என்றாய், கோபமாகவும் பேசினாய். அது கஞ்சத்தனம் இல்லை அக்கா. நானும் முதலில் உன் கட்சியில்தான் இருந்தேன். வாரண்டி ஏஜெண்ட் முகேஷ் அண்ணன் கொடுத்த பதினெட்டுப் பக்க இங்கிலீஷ் நிபந்தனைகளையும் அகராதி வைத்துக்கொண்டு இரண்டு நாள் படித்தேன். நோட்டில் நடுவே ஒரு கோடு போட்டு, எடுக்கலாம் என்பதற்கான காரணங்களை ஒரு பக்கமும் வேண்டாம் என்பதற்கானவற்றை மறுபக்கமும் எழுதினேன். எடுக்கலாம் பக்கத்தில் கியர்பாக்ஸ், ஏசி, எலெக்ட்ரிக் சாமான்களின் விலை, வழியில் நின்றால் இழுத்துப்போகும் வண்டி என்று இன்னும் இரண்டும் சேர்த்து ஆறு இருந்தன. வேண்டாம் பக்கத்தில் டயர் கிடையாது, பிரேக் கட்டை கிடையாது, எலி கடித்தால் கிடையாது, வாடகை வண்டி என்பதால் தொகை அதிகம் என்று நான்கு. ஆறுக்கு நான்கு, எடுத்துவிடலாம் அப்பா என்றேன். மெக்கானிக் ராஜபாண்டி மாமா மட்டும், வாரண்டிக்காரவிங்க பந்தியில உக்கார வச்சு, இலையில கிழிசல் இருக்கான்னு பாத்துட்டுத்தான் சோறு போடுவாய்ங்க மாப்ள என்று அப்பாவிடம் சொல்லிவிட்டு ஒரு மாதிரி பார்த்தார். அந்தப் பார்வையின் அர்த்தம் எனக்கு அன்றைக்குத் தெரியவில்லை.

போன திங்கட்கிழமை முகேஷ் அண்ணன் காளவாசலில் உள்ள தன் கடையில் ஃபாரத்தை நீட்டினார். கேள்விகளை நான் வாசித்துத் தமிழில் சொல்ல, அப்பா ஒவ்வொன்றுக்கும் டிக் அடித்துக்கொண்டே வந்தார். ஏழாவது கேள்வி, ஓனருக்கோ டிரைவருக்கோ தெரிந்து இந்த வண்டி எப்போதாவது தேங்கிய தண்ணீரில் நின்றிருக்கிறதா என்பது. அப்பாவின் பேனா நின்றுவிட்டது. முகேஷ் அண்ணன் டீயை ஆற்றிக்கொண்டே, அண்ணே, அதுக்கெல்லாம் எல்லாரும் இல்லைன்னுதான் போடுவாங்க, போட்டுட்டு வாங்கண்ணே, வண்டி இன்னும் டாக்டரம்மா பேர்லதான இருக்கு, அவங்க கையெழுத்து மட்டும் வாங்கிட்டா முடிஞ்சிருச்சு என்றார். அப்பா பேனாவை மூடிப் பைக்குள் வைத்தார். அன்று ராத்திரி சோற்றில் மோர் ஊற்றிப் பிசைந்துவிட்டு அப்படியே எழுந்துவிட்டார்.

அக்கா, இனிமேல் வருவது அப்பா உன்னிடம் சொல்ல வேண்டியது. ஆறு வருடத்துக்கு முன்னால் நீ நர்சிங் படித்தபோது நாகமலை புதுக்கோட்டையில் பரீட்சை எழுதிவிட்டு, கொட்டுகிற மழையில் பரீட்சை ஹால் கேட் வாசலில் இரண்டு மணி நேரம் நின்றாயே, அப்பா நனைந்துபோய் ஆட்டோவில் வந்தாரே. உங்களுக்குப் பெத்த மகளை விட டாக்டரம்மா வீட்டு வேலைதான் பெருசு என்று சொல்லி இரண்டு நாள் நீ அவரோடு பேசவில்லை. அன்றைக்கு டாக்டரம்மா ஆபரேஷன் தியேட்டருக்குள் இருந்தார்கள். முடிய நேரமாகும் என்று தெரிந்ததும், அதற்குள் உன்னைக் கூட்டிவந்து வீட்டில் விட்டுவிடலாம் என்று அப்பா யாரிடமும் கேட்காமல் இந்தக் காரை எடுத்துக்கொண்டு கிளம்பியிருக்கிறார். ரயில்வே பாலத்துக்கு அடியில் தண்ணீர் தேங்கி நின்றது. முன்னால் ஒரு பஸ் தாண்டிப் போனதைப் பார்த்து அப்பாவும் இறக்கிவிட்டார். பஸ்ஸு உசரம் வேற, இது உசரம் வேற, அது எனக்குத் தெரியாதா, தெரியும், ஆனா நீ மழையில நிக்கிறதுதான் கண்ணு முன்னாடி இருந்துச்சு என்று இப்போது சொல்கிறார். நடுவில் வண்டி நின்றுவிட்டது, தண்ணீர் கதவு வழியாக உள்ளே வந்து சீட்டைத் தொட்டது. ராஜபாண்டி மாமா டெம்போ கொண்டுவந்து கயிறு கட்டி இழுத்துப் போனார். அதற்குப் பிறகுதான் அப்பா ஆட்டோ பிடித்து உன்னிடம் வந்தார். டாக்டரம்மாவிடம் பேட்டரி போய்விட்டது, இரண்டு நாள் ஆகும் என்று சொல்லிவிட்டார். அந்த இரண்டு நாளும் மாமா தன் ஷெட்டு முன்னால் சீட்டையும் தரைவிரிப்பையும் வெயிலில் காயப்போட்டு வண்டியை ஓட வைத்துவிட்டார். ஆனால் ஒரு கோளாறு மட்டும் தங்கிவிட்டது. கதவைப் பூட்டிய பிறகும் இந்த மேல் விளக்கு தானாக அணையாது, கையால் பட்டனை அமுக்கினால்தான் அணையும். அப்பா ஆறு வருடமாகத் தினமும் பூட்டுவதற்கு முன்னால் யாருக்கும் தெரியாமல் அதை அமுக்கிக்கொண்டே இருந்திருக்கிறார்.

வியாழக்கிழமை சாயங்காலம் அப்பா டாக்டரம்மாவிடம் சொல்லப் போனார். ஃபாரத்தை வாசிக்க நீயும் வா என்று என்னையும் கூட்டிப்போனார், தனியாகப் போகப் பயம் என்று நினைக்கிறேன். வீட்டில் பாதிச் சாமான் அட்டைப்பெட்டிக்குள் போயிருந்தது. அப்பா நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னார், உன் பெயரைச் சொல்லும்போது மட்டும் குரல் இறங்கிவிட்டது. டாக்டரம்மா நோயாளியிடம் கேட்பதைப் போலவே கேட்டார்கள், எந்த வருடம், தண்ணீர் எந்த மட்டம், எவ்வளவு நேரம், அதற்கப்புறம் வண்டிக்கு என்ன கஷ்டம். விளக்கு தானா அணையாதும்மா, நான்தான் அமுக்கிட்டு வருவேன் என்று அப்பா சொன்னதும் கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவரையே பார்த்தார்கள். நீ லீவுல இருக்கிறப்ப யாரு அமுக்குவா பாண்டி என்று அப்பாவிடம் மெதுவாகக் கேட்டார்கள். அப்புறம்தான் விஷயம் வந்தது. அப்பா லீவில் இருந்த இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் டாக்டரம்மாவே காரை எடுத்துக்கொண்டு சர்ச்சுக்குப் போயிருக்கிறார்கள், இரண்டு தடவையும் திங்கட்கிழமை காலையில் பேட்டரி செத்துக் கிடந்திருக்கிறது. விளக்கைப் போட்டதாகவே அவர்களுக்கு ஞாபகம் இல்லை, ஆனால் ராத்திரி முழுதும் விளக்கு எரிந்திருக்கிறது. தானே போட்டுவிட்டு மறந்ததாகவும், தனக்கு மறதி வந்துவிட்டதாகவும் நினைத்துவிட்டார்கள். ஆலன் அண்ணன் இனி நீங்க ஓட்டக் கூடாதும்மா என்று சொல்லியிருக்கிறார். நாலு வருடமாக அவர்கள் ஸ்டியரிங்கைத் தொடவில்லை. என் அம்மாவுக்கு இப்படித்தான் ஆரம்பிச்சது பாண்டி, எனக்கும் வந்திருச்சுன்னு தினமும் காலையில மூளையைச் சோதிக்க நூறுல இருந்து ஏழு ஏழா கழிச்சுப் பாத்துட்டு இருந்தேன் என்றார்கள்.

அப்பா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். டாக்டரம்மா ஓட்டுவதை நிறுத்திய பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமைகூட லீவு எடுக்காமல் அப்பாதான் ஓட்டினார், அதற்குத் தனியாக பேட்டாக் காசு வாங்கினார். அந்த பேட்டா நான் வாங்கியிருக்கக் கூடாதும்மா என்றார். டாக்டரம்மா அடுப்படிக்குப் போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தார்கள். திட்டப் போகிறார்கள் என்று நான் நினைத்தேன், திட்டவும் செய்தார்கள். நாலு வருஷம், ஒரு வார்த்தை சொல்லியிருந்தா ஒரு நாள்ல முடிஞ்சிருக்கும், மகளுக்கு மழைன்னு கேட்டிருந்தா நானே சாவியைத் தந்திருப்பேனே, என்னை அம்புட்டுக் கல்நெஞ்சக்காரின்னா நினைச்ச என்றார்கள். அப்புறம் அவர்களுக்கே சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தார்கள், அப்போ எனக்கு மறதி இல்ல, ரோகிணி, எனக்கு மறதி இல்ல என்று என்னிடம் இரண்டு தடவை சொன்னார்கள். பேனாவை எடுத்து ஏழாவது கேள்விக்கு ஆம் என்று டிக் அடித்து, பக்கத்தில் வருடத்தையும் மாதத்தையும் மருந்துச் சீட்டு எழுதுகிற கையெழுத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள். அப்பாவும் கீழே போட்டார்.

வெள்ளிக்கிழமையே முகேஷ் அண்ணன் கூப்பிட்டுவிட்டார். வாரண்டி தருவார்களாம், ஆனால் எலெக்ட்ரிக் சாமான் எதுவும் சேராதாம், கியர்பாக்ஸில் உள்ள எலெக்ட்ரிக் பாகமும் சேராதாம், தொகையோ ஒரு ரூபாயும் குறையாதாம். ஏண்ணே இப்படி உண்மையை எழுதி வச்சிருக்கீங்க என்று அவர் வருத்தப்பட்டார், உண்மையாகவே நம் மேல் அக்கறையாகத்தான் வருத்தப்பட்டார். நான் நோட்டை எடுத்துப் பார்த்தேன். எடுக்கலாம் பக்கத்தில் இருந்த ஆறில் நாலு அடிபட்டுவிட்டது. இல்லை என்று பொய்யாக எழுதியிருந்தால் மட்டும் என்ன, பிறகு ஒருநாள் கழற்றிப் பார்த்துச் சேற்றைக் கண்டுபிடித்தால் அப்போது மொத்தமும் இல்லை என்று பதினோராம் பக்கத்தில் இருக்கிறது. ஆகவே எங்கள் முடிவு வேண்டாம் என்பது. பாதுகாப்பு தேவையில்லை என்று அர்த்தமில்லை, நீ சொன்ன பயம் நியாயமானது, இந்த வண்டிக்கு இந்த வாரண்டி அந்தப் பயத்தைத் தீர்க்காது, அவ்வளவுதான். நீ அனுப்பிய பணத்தை அப்பா தனியாக பேங்கில் போட்டுவிட்டார், வண்டிக்கு வைத்தியம் தேவைப்பட்டால் மட்டும் தொடுவதாகச் சொல்கிறார். ராஜபாண்டி மாமா நேற்று கம்ப்யூட்டர் மாட்டி முழுதும் சோதித்தார், கியர்பாக்ஸ் நன்றாக இருக்கிறது, சீட்டுக்கு அடியில் ஒரு எலெக்ட்ரிக் பெட்டி மட்டும் அன்றைய தண்ணீரால் பச்சை பூத்துக் கிடக்கிறது, விளக்குக் கோளாறு அதில்தான். மாற்றுப் பெட்டி கோயம்புத்தூரிலிருந்து வர வேண்டும். இம்புட்டு நாளா வயித்துல வச்சிருந்ததைக் கக்கிட்டீங்களா மாப்ள, இனிமேலாவது டீக்கு நீங்க காசு குடுங்க என்று மாமா சொன்னார். இத்தனை வருடமும் வாயை மூடியிருந்ததற்குக் கூலியாம். அம்மாவிடமும் சொல்லியாகிவிட்டது. சட்டையெல்லாம் சேறா வந்தன்னைக்கே கேட்டேன், மழைன்னு சொன்னீங்க, எந்த ஊரு மழை சேறாப் பெய்யுது என்று ஒரு நாள் முழுதும் அதையே சொல்லிக்கொண்டிருந்தாள்.

இன்று காலை டாக்டரம்மா காரை ஓட்டினார்கள் அக்கா. அப்பா பக்கத்து சீட்டில், நான் பின்னால். ஒரு சாக்லேட் நிற ஷூ போட்டுக்கொண்டு வந்தார்கள், ஓட்டும்போது போடுவதாம், நாலு வருடம் அலமாரியிலேயே இருந்ததாம். முதல் வளைவில் அப்பா தன் காலைத் தரையில் அமுக்கினார், அங்கே பிரேக் இல்லை. பாண்டி, நீ சும்மா வா, இப்ப நான்தான் டிரைவர் என்றார்கள். சர்ச்சு வாசலில் இறங்கியதும் தானே கையை நீட்டி மேல் விளக்கின் பட்டனை அமுக்கிவிட்டு, ஒரு தரம் கண்ணாடி வழியாக உள்ளே பார்த்துவிட்டுத்தான் போனார்கள். ஊருக்குப் போகும் வரை எல்லா ஞாயிற்றுக்கிழமையும் அவர்கள்தான் ஓட்டுவார்கள். அப்பா மத்தியானம் இரண்டு மணி நேரம் தூங்கினார், பகலில் அவர் தூங்கி நான் பார்த்ததே இல்லை.

உன்னிடம் அப்பா சொல்லச் சொன்னது இதுதான், அப்படியே எழுதுகிறேன். நீ அன்னைக்குக் கோவப்பட்டது தப்பில்ல பாப்பா, லேட்டா வந்தவன் நான்தான். ஏன் லேட்டுன்னு சொல்லாம விட்டதுதான் என் தப்பு. நீ அனுப்புன பணத்தை வேணாம்னு சொல்லல, உன் அக்கறையையும் வேணாம்னு சொல்லல. ஆஸ்பத்திரியில ஏதாவது தப்பு நடந்துட்டா அன்னைக்கே பெரிய நர்சுகிட்ட சொல்லிரு, வயித்துல வைக்காத. இதைச் சொல்லிவிட்டுக் கொஞ்ச நேரம் ஸ்டியரிங்கைத் துடைத்துக்கொண்டிருந்தார். பிறகு, தலைக்குக் குளிச்சா முடியைக் காய வச்சுட்டு வெளிய போகச் சொல்லு, சம்பளத்துல உனக்குன்னு ஒரு நல்ல ஸ்வெட்டர் வாங்கிக்கச் சொல்லு என்றார். அம்மா உனக்குப் பருப்புப்பொடியும் நார்த்தங்காய் ஊறுகாயும் கட்டி வைத்திருக்கிறாள், அனுப்ப ஆள் தேடுகிறோம். கைநிறைய வேலையும் மனசு நிறைய நிம்மதியுமாக நீ நன்றாக இருக்க வேண்டும் என்று இரண்டு பேரும் வாழ்த்துகிறார்கள். கடிதம் கிடைத்ததும் அப்பாவுக்குப் போன் பண்ணு, வாரண்டியைப் பற்றி ஒன்றும் கேட்காதே, மழையைப் பற்றிக் கேள்.

இப்படிக்கு,
சொன்னது: உன் அப்பா, பாண்டியராஜன்
எழுதியது: ரோகிணி, பத்தாம் வகுப்பு

பின்குறிப்பு: அம்மா சாப்பிடக் கூப்பிட்டுவிட்டாள். அப்பா இறங்கிக் கதவைப் பூட்டப் போனவர், நீயே அமுக்கு என்று எனக்காகக் காத்து நின்றார். மேல் விளக்கு அணைக்கப்பட்டது.