களை எந்திரத்துக்கு நீ ஒழித்துக் கொடுத்த இடம்

காலையில் கழற்றிப் போட்ட என் சட்டையை மருமகள் மற்றத் துணிகளோடு ஊற வைக்கவில்லை. தனியாகப் புறவாசல் கொடியில் தொங்கவிட்டு, "ஒரே பெட்ரோல் வாசமா இருக்கு மாமா" என்றாள். இன்று சரஸ்வதி பூசை. களை எடுக்கும் எந்திரத்திலிருந்து பெட்ரோலை வடித்தபோது கொஞ்சம் மேலே கொட்டிவிட்டது. நீ இருந்திருந்தால் ஒரு சொட்டும் சிந்தியிருக்காது. அந்த வேலையை நீ என்னிடம் விட்டதே இல்லை.

எந்திரம் வாங்கிய வருஷம், இதே நாளில்தான் அது நடந்தது. உளுந்துக்குக் களை எடுக்க ஆள் கிடைக்காமல் அலைந்து, கடைசியில் கோவில்பட்டிக்குப் போய் அதை வாங்கி வந்திருந்தேன். தொட்டி நிறையப் பெட்ரோல். வெளியே விட்டால் எவனாவது தூக்கிக்கொண்டு போய்விடுவான் என்று முன்னறையில், சாமி படத்துக்குக் கீழேயே நிறுத்தினேன். சந்தனம் குங்குமம் வைத்து, மாலை போட்டு, பெரியண்ணனும் தெருக்காரர்கள் நாலு பேரும் பார்க்கச் சூடத்தைப் பொருத்தி எந்திரத்துக்குக் காட்டப் போனேன். அடுப்படியிலிருந்து வந்த நீ தட்டை என் கையிலிருந்து பிடுங்கி, எரிகிற சூடத்தோடு வாசலைத் தாண்டித் தெருவில் போய் நின்றாய்.

"மூடி இறுக்கமாத்தானட்டி இருக்கு" என்றேன்.

"வாசம் வருதுல்லா. அப்பம் அது வெளிய வந்துட்டுன்னுதான அர்த்தம்?"

எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு மூக்குக்கு மேலே கோபம். "தீப்பெட்டி ஆபீஸ்ல கெடந்தவளுக்கு எதப் பாத்தாலும் தீதான்" என்று சொல்லிவிட்டேன். இரண்டு பேர் சிரித்தார்கள். நீ சூடம் அணைகிறவரை வெயிலிலேயே நின்றாய்.

தெரியாமல் சொன்னேன் என்றால் இந்த மடலுக்கே வேலை இல்லை. கல்யாணத்துக்கு முன் நீ தீப்பெட்டி ஆபீஸில் குச்சிகளைப் பெட்டியில் அடைத்தவள். ஒருநாள் குச்சி உரசிப் பற்றி, பக்கத்தில் இருந்தவளின் தாவணியில் தீப் பிடித்தபோது வெறுங்கையால் அடித்து அணைத்தவள். தோல் வழுவழுத்துப் போன அந்த உள்ளங்கையை எத்தனை வருஷம் பிடித்திருக்கிறேன். எல்லாம் தெரிந்தேதான் சொன்னேன்.

மறுநாள் உன் ஆடுகள் இரண்டையும் குளத்தூரில் இருக்கும் உன் தங்கை வீட்டுக்கு அனுப்பினாய். வீட்டை விட்டுத் தள்ளி இருந்த ஆட்டுக்கொட்டிலைக் கூட்டிப் பெருக்கி எந்திரத்தை அங்கே கொண்டு போய் நிறுத்தினாய். வீம்பு என்று நினைத்தேன். ஆசையாக வளர்த்த ஆடுகளை யாராவது வீம்புக்கு அனுப்புவார்களா? அது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

அதன்பிறகு ஒவ்வொரு வருஷமும் களையெடுப்பு முடிந்ததும், பெட்ரோலைக் கேனில் வடித்து, குழாயில் மிச்சம் இருப்பதும் தீரட்டும் என்று எந்திரத்தை வெட்டவெளியில் ஓடவிடுவாய். அது தானாக நிற்கிறவரை பக்கத்திலேயே நிற்பாய். சூடு ஆறினால்தான் கொட்டிலுக்குள் போகும். நான் அவசரப்பட்டால், "ஆறட்டும். மணியாச்சியில ரயிலா போயிரப் போவுது?" என்பாய். சிரித்துப் பேசிக்கொண்டுதான் இருந்தோம். அன்று நான் சொன்ன அந்த ஒரு சொல்லை மட்டும் நீயும் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை.

போன தையில் காய்ச்சல் என்று படுத்தாய். நாலே நாள். எனக்கு உன்னைத் தேடுது. வேறு எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை.

கொட்டில் ஒழுகுகிறது, எந்திரத்தை முன்னறையில் வைத்துவிடலாம் என்று நேற்று மகன் சொன்னான். மாட்டேன் என்று சொல்லி, கூரைக்கு நானே தார்ப்பாய் கட்டினேன். இன்று தொட்டியைக் காலி செய்து, கேனையும் தூரத்தில் வைத்துவிட்டு, எந்திரத்துக்குப் பொட்டு மட்டும் வைத்தேன். சூடத்தைத் தெருவில் பொருத்தினேன். பூசைக்கு வந்த பெரியண்ணன், "என்னடே, எந்திரம் அங்கன நிக்கு, சூடம் இங்கன எரியுது" என்றார். கூட இருந்தவர்கள் சிரித்தார்கள்.

"அவ சொன்னதுதான் சரிண்ணே. அன்னைக்கு இவிய எல்லாரும் இருக்கயில நான் அவளச் சொன்னது தப்பு."

தெருவுக்கே கேட்கிற மாதிரித்தான் சொன்னேன்.

"இத அந்தப் பிள்ள இருக்கும்போது சொல்லிருக்கலாம்லாடே" என்றார் அண்ணன்.

சொல்லியிருக்கலாம். எத்தனையோ நேரம் இருந்தது. எந்திரம் நிற்பதற்காக நீ காத்திருந்த பொழுதுகளில், ஒருநாளாவது பக்கத்தில் வந்து நின்று சொல்லியிருந்தால் போதும். "போங்க, அத யாரு நெனச்சிக்கிட்டு இருக்கா" என்று என்னை ஒரு தள்ளுத் தள்ளியிருப்பாய். நீ நினைத்துக்கொண்டேதான் இருந்தாய் என்பது எனக்கும் தெரிந்திருக்கும். உன் வாயால் அந்தப் பொய்யை ஒரு தடவை கேட்க வேண்டும் போல இருக்கிறது.