களத்தில் கட்டிய துண்டு

ஆடி மாதம், வெள்ளிக்கிழமை இரவு.

இன்றைக்கு நான் செய்ததை நினைத்தால் கூச்சமாக இருக்கிறது.

இட ஒதுக்கீட்டு மறியலால் பஸ் ஓடவில்லை. இருந்தும் அண்ணன் அந்தக் காற்றாடிக் கம்பெனிக்காரரைக் கச்சிராயபாளையத்திலிருந்து சைக்கிளில் உட்கார வைத்து அழைத்து வந்துவிட்டார். காற்றாடி வைத்துக் கிணற்றுத் தண்ணீர் இறைக்கிற சின்னக் கம்பெனி. என் வீட்டுக்காரர் இறந்தபின் மாடுகளை விற்ற பணத்தை அதில் பங்காகப் போடச் சொல்கிறார்கள்.

"இங்க காத்து எப்படிம்மா?" என்று கம்பெனிக்காரர் கேட்டார்.

"மலைக்காத்துங்க, ஆளையே தள்ளிக்கினு போவும். நீயே காட்டும்மா" என்றார் அண்ணன்.

நெல் தூற்றும் முன் என் வீட்டுக்காரர் களத்து மூங்கிலில் தோள் துண்டைக் கட்டிக் காற்றுப் பார்ப்பார். அந்தப் பழக்கத்தில் உள்ளே ஓடி, அவர் துண்டையே எடுத்து வந்து கட்டினேன். அவர் கடைசியாகப் போட்டிருந்த துண்டு. வாசனை போய்விடுமென்று துவைக்காமல் பாய்க்கு அடியில் வைத்திருந்தேன். அது படபடவென்று அடித்தது. நான் கைதட்டிச் சிரித்தேன்.

"இன்னாம்மா, பணமே வந்துட்ட மாதிரி சிரிக்கிற!" என்று அண்ணன் கிண்டல் செய்தார். அப்போதும் எனக்கு உறைக்கவில்லை. பொழுது சாயும்வரை துண்டு அங்கேயே ஆடிக்கொண்டிருந்தது.

காலையில் அண்ணன் பதில் கேட்டு வருவார். எதுவானாலும் ராத்திரி அந்தத் துண்டை முகத்தில் போட்டுக்கொண்டு வீட்டுக்காரரிடம் கேட்பேன். இன்றும் கேட்கத்தான் எடுத்தேன். புழுதி வாசனைதான் அடிக்கிறது.

இனி யாரைக் கேட்டு அந்தப் பணத்தைக் கொடுப்பேன்?